'சரி' என்றால் எதுக்குச் சரி?

நிர்வாணப் படம் எடுக்கலாமா, கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் நடத்தட்டும். சம்மதித்து வந்து நிற்கிற மாடலிடம் போட்டோகிராபர் என்ன பேசுகிறார் என்பதுதான் என் கேள்வி.

பி.காம். படித்தவர்களுக்கு 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கும். 13-வது பிரிவு: இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். மேல்சட்டைக்குச் 'சரி' சொன்னவள் மிச்சத்துக்கும் சொல்லிவிட்டதாக எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சரியாக நூறு வருஷம் கழித்து வந்த படம், 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்'. பலாத்காரக் காட்சியில் வெண்ணெய் வரப்போவதை 19 வயது மரியா ஷ்னைடரிடம் டைரக்டர் பெர்டோலூச்சி முன்னாடி சொல்லவில்லை. நடிப்பு வேண்டாம், நிஜ அவமானம் வேண்டும் என்பதற்காகத்தான் மறைத்தேன் என்று 2013-ல் அவரே ஒப்புக்கொண்டார். இதுக்குப் பேர் கலையாம்!

ஸ்டில் கேமராக்காரர்கள் மட்டும் யோக்கியமா? பிரபல போட்டோகிராபர்கள் மேல் புகார்கள் கிளம்பிய பிறகு, 'வோக்' பத்திரிகையை நடத்தும் காண்டே நாஸ்ட் நிறுவனம் நிர்வாணமோ உள்ளாடையோ, மாடலிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கணும் என்று விதி போட்டது. எப்போது? 2018-ல்!

எதுவரைக்கும் எடுக்கப்போகிறோம், ரூமில் யார் யார் இருப்பார்கள், படம் எங்கே வரும்... முன்னாடியே சொல்வதில் என்ன நஷ்டம்? 'சூப்பர் பாடி' வேண்டாம் சார், 'வெளிச்சம் நல்லா விழுது' போதும். தோளைத் திருப்பணுமா? வாயால் சொல்லுங்க. 2007-ல் மெக்ஸிகோ நகரச் சதுக்கத்தில் சுமார் 18,000 பேரை உடையில்லாமல் நிற்கவைத்துப் படமெடுத்த ஸ்பென்சர் டுனிக், ஒலிபெருக்கியில் சொல்லித்தான் வேலை வாங்குகிறவர். ஒருத்தியை நிறுத்த உங்களுக்குக் கை எதுக்கு?