தாத்தா வண்டிக்கு அதே நிறம்... சின்ன பாகங்களுக்கு எப்படிப் பெயிண்ட் அடிப்பது?

பட்டறைப் பக்கம் – கேள்வி பதில்

"தாத்தா 1972-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. இளநீல நிறம். டிக்கி கீல், நம்பர் பிளேட் தாங்கி, பானெட் தாங்கும் கம்பி இவற்றில் துரு ஏறிவிட்டது. வண்டி முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வசதி இல்லை. இந்தச் சின்ன பாகங்களுக்கு மட்டும் அதே நிறத்தில் பெயிண்ட் கிடைக்குமா? சக்கரங்களுக்கு வெள்ளி நிறம் அடிக்க வேண்டும். தங்கை மகன் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து அலுமினியப் பவுடர் கொஞ்சம் கொண்டுவந்து வார்னிஷில் கலந்து அடித்தால் செலவு மிச்சம் என்கிறான். செய்யலாமா?"

– ஒரு வாசகர், வெம்பக்கோட்டை வட்டம்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பவுடர் வேண்டவே வேண்டாம்.

பட்டாசுக்குப் பயன்படும் அலுமினியப் பவுடர் மிக நுண்ணியது. காற்றில் புழுதியாக எழும்பினால் ஒரு சின்னப் பொறி போதும், வெடிக்கும். நீங்களோ துருவைச் சுரண்டப் போகிறீர்கள். துரு என்பது இரும்பு ஆக்சைடு. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த கலவையைத்தான் 'தெர்மிட்' என்ற பெயரில் தண்டவாளங்களை ஒட்டவைக்கப் பயன்படுத்துகிறார்கள். பற்றிக்கொண்டால் இரும்பையே உருக்கும் சூடு அதற்கு உண்டு. பக்கத்திலேயே தின்னர் டப்பாவும் திறந்திருக்கும். இதைவிடப் பெரிய பயம், அந்தப் பொட்டலத்தில் கந்தகமோ வெடியுப்போ கலந்திருக்கிறதா என்று பார்வைக்குத் தெரியாது என்பது. உராய்வு என்ன செய்யும் என்று சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் இல்லாத இடத்தில் வெடிமருந்துக் கலவையை வைத்திருப்பது 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. பையன் மீது வழக்கு வந்தால் வேலையும் போகும்.

வெள்ளி நிறத்துக்கு ஹார்டுவேர் கடையில் 'அலுமினியம் பெயிண்ட்' என்றே டப்பாவில் கிடைக்கிறது. இரும்புக் கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடிப்பது அதுதான். நான்கு சக்கரங்களுக்கு ஒரு சின்ன டப்பா போதும். அதில் உள்ள அலுமினியம் மெல்லிய செதில்களாக, எண்ணெய்ப் பசையில் நனைந்த நிலையில் இருப்பதால் புழுதியாகப் பறக்காது. வீட்டில் ஏற்கெனவே அந்தப் பவுடர் இருந்தால் ஆலையின் போர்மேனிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி ஒப்படைக்கச் சொல்லுங்கள். அது எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணலைத்தான் போட வேண்டும்.

இனி நிறத்துக்கு வருவோம்.

எந்த நீலத்துக்குப் பொருத்துவது?

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. 1972-ல் அடித்த பெயிண்டின் டப்பாவைத் தேடி அலைவதில் பயனில்லை. அப்படியே கிடைத்தாலும் அது உங்கள் காரோடு சேராது. 50 வருட வெயிலில் உங்கள் காரின் நீலம் வெளுத்திருக்கிறது. நடுவில் யாராவது மறுபடி அடித்தும் இருப்பார்கள். எனவே கம்பெனி அன்று அடித்த நிறத்தை விட்டுவிட்டு, இன்று அந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டின் நிறத்துக்குப் பொருத்துங்கள். டிக்கி கீல் என்றால் டிக்கி மூடியின் நிறம். பானெட் கம்பி உள்ளே இருப்பது, அதற்குப் பானெட்டின் உட்பக்க நிறம். ஒரே காரில் இந்த இரண்டும் வேறாக இருக்கலாம்.

பொருத்துவதற்கு முன் அந்தத் தகட்டின் ஒரு மூலையை ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மேலே படிந்த சுண்ணாம்பு போன்ற வெளுப்பு போய், உயிருள்ள நிறம் தெரியும். கார் முழுவதும் அப்படித் தேய்த்து மெருகேற்றப் போகிறீர்கள் என்றால் அந்த நிறத்துக்குப் பொருத்துங்கள். இல்லையென்றால் வெளுத்த நிறத்துக்கே பொருத்துங்கள். இதை முதலில் முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் இரண்டு முறை காசு செலவாகும். அன்றைய அசல் நீலம் எது என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால் டிக்கிப் பாய்க்கு அடியிலும், கதவு ரப்பருக்குப் பின்னாலும் பாருங்கள். அங்கே வெயில் பட்டிருக்காது.

கடையில் என்ன கேட்பது?

வண்டிப் பெயிண்ட் விற்கும் பெரிய கடைகளில் கலர் மிக்ஸிங் மிஷின் இருக்கிறது. மதுரை பக்கம் போனால் எளிதாகக் கிடைக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். செல்போன் திரையில் தெரியும் நிறம் நிஜ நிறமல்ல. கழற்றக் கூடிய ஒரு பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளங்கை அகலத்துக்காவது சமமான, சுத்தமான பரப்பு அதில் இருக்க வேண்டும்.

மிஷின் தரும் கணக்கு ஆரம்பம்தான். கடைசியில் முடிவு செய்வது கண். சிவகாசி அச்சகங்களில் மை கலப்பவரைக் கவனித்தால் இது புரியும். டப்பாவில் இருக்கும் மையைப் பார்த்து அவர் முடிவு செய்ய மாட்டார். ஒரு துளியை எடுத்து, எந்தக் காகிதத்தில் அச்சாகப் போகிறதோ அதே காகிதத்தில் இழுத்துத் தேய்த்துப் பார்ப்பார். நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு தகரத் துண்டில், நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே பிரைமரை அடித்து, அதன் மேல் இந்த நிறத்தை இரண்டு கோட்டு அடித்து, முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். சிவப்பு பிரைமருக்கு மேல் இளநீலம் கறுத்துத் தெரியும், சாம்பல் பிரைமருக்கு மேல் தெளிவாக நிற்கும்.

தகரத் துண்டை வண்டியின் மேலேயே வைத்து, காலை 9, 10 மணிவாக்கில் நிழலில் பாருங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலம் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். நேர் வெயில் கண்ணைக் கூசவைத்து வித்தியாசத்தை மறைத்துவிடும். மூன்றடி தள்ளி நின்று பார்த்து வித்தியாசம் தெரியாவிட்டால் அது போதும்.

அளவு: ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். அந்தக் கணக்கில் 100 மில்லி ஒரு சதுர மீட்டர். நீங்கள் சொன்ன மூன்று பாகங்களுக்கும் மூன்று கோட்டு அடித்தாலும் 100 மில்லி தாராளம். கடையில் கொடுக்கும் கலவைக் கணக்குச் சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை அலைய வேண்டாம்.

எந்த வகைப் பெயிண்ட்?

பழைய பெயிண்ட் என்ன வகை என்று தெரிய, மறைவான இடத்தில் என்.சி. தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டிக் கரைந்து வந்தால், ஊரில் டூகோ என்று சொல்லும் என்.சி. பெயிண்ட். சுருங்கிப் பொங்கினால் எனாமல். எதுவும் ஆகாவிட்டால் பி.யூ. எனாமல் மேல் என்.சி. அடித்தால் அடியில் உள்ளது சுருங்கிக் கிளம்பிவிடும். பாகத்தை வெறும் இரும்பு வரை சுத்தம் செய்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. சின்ன பாகத்துக்கு அதுதான் நல்ல வழி.

வீட்டில் செய்பவருக்கு நாங்கள் சொல்வது எனாமல்தான். பி.யூ. பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். மூக்கில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. அந்த வேலையைத் தகுந்த முகக்கவசம் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

அடிக்கும் முறை

1. பாகத்தைக் கழற்றி, சோப்புத் தூள் போட்டு கிரீஸ் போகக் கழுவி, காயவையுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்தால் திரும்ப மாட்ட உதவும்.

2. பழைய பெயிண்டையும் துருவையும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பில் வாட்டியும் எடுக்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தூசியும் புகையும் குழந்தைகளுக்கு விஷம்.

3. தேய்த்து முடித்ததும் உடனே துடைத்துக் காயவையுங்கள். வெறும் இரும்பு ஓர் இரவு இருந்தாலே மறுபடி துருப்பிடிக்கும். அன்றே பிரைமர் ஒரு மெல்லிய கோட்டு.

4. பிரைமர் நன்றாகக் காய்ந்தபின் 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

5. நிறத்தை மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஒரே தடவையில் மூட நினைத்தால் வழியும். பிரஷ் என்றால் டர்பன்டைன் கொஞ்சம் சேர்த்து இளக்கி, ஒரு கோட்டு முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது.

6. தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே மாட்டாதீர்கள். எனாமல் உள்ளே இறுக ஒரு வாரமாவது விடுங்கள். இல்லையென்றால் போல்ட் இறுக்கும் இடத்தில் பிய்ந்து வரும்.

காலம்: பட்டாசும் தீப்பெட்டியும் காய நம் ஊரின் வறண்ட காற்று ஏற்றது. பெயிண்டுக்கும் அப்படித்தான். ஆனால் ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. பெயிண்ட் வெள்ளைப் பூக்கும். சித்திரை வெயிலில் இரும்பு சுட்டுப் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்துவிடும். தை, மாசி மாதக் காலை நேரம் நல்லது.

வேலை செய்யும் இடத்தில் அடுப்பு, பீடி, ஊதுபத்தி எதுவும் கூடாது. உதவிக்கு வரும் பையன் ஆலைக்குப் போட்டுப்போன உடுப்போடு வரக் கூடாது. குளித்து உடை மாற்றிய பிறகு வரட்டும். பட்டாசு வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் தின்னர் டப்பாவைத் திறக்கவே கூடாது.

"பழைய காருக்குத் தனிப் பதிவு எண் தருகிறார்களாமே? நிறத்தை மாற்றினால் பாதிக்குமா?"

– ஒரு வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்.

2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கான திருத்தம் வந்தது. 50 வருடத்துக்கு மேலான, அசல் வடிவம் மாறாமல் வைத்திருக்கும் சொந்த உபயோகக் காருக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு 'வி.ஏ.' வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் விண்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஓடுகிற வண்டி என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

சின்ன பாகங்களுக்கு அதே நிறம் அடிக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். காரின் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்ற வேண்டும். பழைய கார்கள் பொருத்தமான நிறத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய் வரலாம்.

"பழைய டிராக்டர் பானெட்டுக்குச் சிவப்பு எனாமல் வாங்கி அடித்தேன். மட்கார்டோடு சேரவில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டிப் போட்ட இடம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கம். ஏதாவது தொந்தரவு உண்டா?"

– ஒரு வாசகர், சாத்தூர்.

சிவப்பு என்று மட்டும் கேட்டால் எந்தச் சிவப்பும் வரும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 5 நிற அட்டையில் 537 சிக்னல் சிவப்பு, அடுத்த எண் 538 தபால் பெட்டிச் சிவப்பு. பெயரைச் சொல்லி வாங்கினால் இரண்டுமே சிவப்புதான், பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. முதலில் டீலரிடம் உங்கள் மாடலுக்கான பெயிண்டைக் கேளுங்கள். இல்லையென்றால் மேலே சொன்னபடி தகரத் துண்டில் அடித்து, மட்கார்டின் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது கேள்விதான் அவசரமானது. சுரண்டிய துகள்களை இன்றே கூட்டி எடுங்கள். பழைய சிவப்பு, மஞ்சள் பெயிண்டுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கம். மாடு, குறிப்பாகக் கன்று, பெயிண்ட் உதிர்ந்த இரும்பையும் துகளையும் நக்கும். ஈய விஷம் ஏறினால் தீனி எடுக்காது, பல்லைக் கடிக்கும், தள்ளாடும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வரும். இப்படிக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி, பெயிண்ட் சுரண்டிய விவரத்தையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வேறு நோய் என்று நினைக்க வாய்ப்பு உண்டு.

துகள் கலந்த மண்ணை மேலாக வழித்து எடுத்து, இறுக்கமாக மூடிய டப்பாவில் போட்டு, குழந்தைக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, ஊராட்சி குப்பை சேகரிப்பவரிடம் விவரம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். குப்பைக்குழியில் மட்டும் போடாதீர்கள். அங்கே போட்டால் எருவோடு நிலத்துக்குப் போகும். ஈயம் மட்காது, மண்ணிலேயே தங்கிவிடும். வீட்டு, அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த கொட்டகைக் கதவு, தீவனத் தொட்டிக் கம்பி உரிந்து நின்றாலும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டியின் மாடல், வருடம், எந்தப் பாகம் என்ற விவரங்களோடு எழுதுங்கள். அடுத்த இதழில்: ஸ்பிரேயர் பம்பு வாஷர் அடிக்கடி போவது ஏன்?