அதே ஊர், வேறு கதை!

நாடகக் கம்பெனி முதலாளி பெரும் பொருள் செலவிட்டு ஒரு தெருப் படுதா எழுதி வாங்குவார். இந்த வாரம் அந்தத் தெருவில் கோவலன் நடப்பான். அடுத்த வாரம் அரிச்சந்திரன் நடப்பான். டிக்கெட் வாங்கியவர் எவரும், "இது போன வாரம் பார்த்த தெருவல்லவா?" என்று சண்டைக்குப் போனதில்லை. கதை புதிதாக இருந்தால் போதும்.

வீடியோ விளையாட்டு உலகிலும் இப்படி ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அது மறைந்து வருவதால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

ஒரு முழு நகரத்தையே திரையில் கட்டி, "உன் இஷ்டம்போல் சுற்று, கார் ஓட்டு, கொள்ளைக் கூட்டத்தில் சேர்" என்று ஆட்டக்காரரை விட்டுவிடும் குற்றக் கதை விளையாட்டுக்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது "கிராண்ட் தெப்ட் ஆட்டோ". அதன் நான்காம் பாகம் 2008 ஏப்ரலில் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலுள்ள ராக்ஸ்டார் நார்த் நிறுவனம், நியூயார்க்கைப் பார்த்து "லிபர்ட்டி சிட்டி" என்ற கற்பனை ஊரைக் கட்டிற்று. சுமார் ஆயிரம் பேர் உழைத்தார்கள்; செலவு 10 கோடி டாலர் இருக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. இவ்வளவு பெரிய ஊரில் ஒரே ஒருவனின் கதையைச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவதா?

பூட்டவில்லை. அதே ஊரில் நடக்கும் இரண்டு புதுக் கதைகளை முதலில் தன் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கே தரவேண்டும் என்று மைக்ரோசாப்ட் 5 கோடி டாலர் கொடுத்தது. 2009 பிப்ரவரியில் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டத்தின் கதை வந்தது. அக்டோபரில், இரவு விடுதி முதலாளி ஒருவரின் மெய்க்காவலனான லூயிஸ் லோப்பஸின் கதை வந்தது. இவற்றைத் தனித்தனியே இறக்கிக்கொள்ள 20 டாலர். ஆனால் மூல விளையாட்டும் கையில் இருக்கவேண்டும். அதே அக்டோபரில் இரண்டையும் ஒரே டிஸ்க்கில் அடைத்து, "எபிசோட்ஸ் பிரம் லிபர்ட்டி சிட்டி" என்று 40 டாலருக்கு விற்றார்கள். இதற்கு மூல விளையாட்டு தேவையே இல்லை! மூலத்தின் விலையோ, வெளிவந்தபோது 60 டாலர்.

இது சின்ன விஷயமல்ல. 1999-ல் இதே வரிசையில் "லண்டன் 1969" என்றொரு துணைப் பாகம் வந்தது. பிளேஸ்டேஷனில் அதை ஆட, முதலில் லண்டன் டிஸ்க்கைப் போடவேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு மூல டிஸ்க்கைப் போட்டுக் காட்டவேண்டும். மறுபடி லண்டனைப் போடவேண்டும். பழைய ரசீதைக் காட்டினால்தான் புதுச் சரக்கு என்பது போன்ற கதை!

2009 டிஸ்க்கின் பெருமை விலையில் மட்டுமில்லை. 2008 விளையாட்டில் ஒரு வங்கிக் கொள்ளை வருகிறது. ஆட்டக்காரர் கொள்ளைக்காரராகத் துப்பாக்கியுடன் உள்ளே நுழைகிறார். தரையில் படுத்திருப்பவர்கள் அவருக்கு ஒரு பொருட்டல்ல. லூயிஸின் கதையோ அதே வங்கியில், அதே நாளில், அதே தரையில் தொடங்குகிறது. லூயிஸ் குப்புறப் படுத்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவர் வீரம் பேசித் துப்பாக்கியை எடுக்கத் துடிக்கிறார். "வேண்டாம்" என்று தடுக்கிறான் இவன். அவர் கேட்கவில்லை, சுடுகிறார், சாகிறார். முன்பு சுட்டுக்கொண்டே கடந்துபோன காட்சியை இப்போது பயந்தவனின் கண்ணால் பார்க்கும்படி ஆகிறது. மூன்று கதைகளிலும் கைமாறிக் கைமாறி உயிர்களைக் குடிக்கும் வைரங்கள், முடிவில் குப்பையைக் கிளறும் ஓர் ஏழையின் கையில் கிடைக்கின்றன.

"குற்றக் கதைக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்று கேட்கலாம். இது பெரியவர்களுக்கான சரக்கு. பிரிட்டனில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கத் தடை. அந்தத் தடை நியாயமே. குற்றக் கதையை விற்பதென்று முடிவாகிவிட்டபின், துப்பாக்கி பிடித்தவனின் பக்கத்தை மட்டும் காட்டுவதைவிடத் தரையில் கிடப்பவனின் பக்கத்தையும் காட்டுவது மேலல்லவா?

தனிப் பாகம் என்றாலே உயர்வு என்றும் சொல்வதற்கில்லை. 2015 ஜனவரியில் "செயின்ட்ஸ் ரோ" வரிசையில் "காட் அவுட் ஆப் ஹெல்" 20 டாலருக்கு வந்தது. நாயகன் நரகத்துக்கே போய்த் தலைவரை மீட்கிறான். ஊர் புதிது, கதைதான் மெலிந்து கிடந்தது. படுதா மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

2013-ல் "கிராண்ட் தெப்ட் ஆட்டோ" ஐந்தாம் பாகம் வந்தது. புதுக் கதை 2014-ல் வரும் என்று அந்த ஆண்டு முடிவில் வாக்குக் கொடுத்தார்கள். வரவே இல்லை. மாறாக, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் பகுதி வளர்ந்தது. அங்கே கற்பனைப் பணத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கும் "ஷார்க் கார்டு" விற்கிறது. ஒரு சீட்டே 100 டாலர் வரை போகும், விளையாட்டின் விலையைவிட அதிகம். அங்கே சேர்க்கப்படும் புதுச் சங்கதிகள் இலவசம்தான். பொறுமை உள்ளவர் ஆடியே பணம் சேர்க்கலாம். பொறுமை இல்லாதவரை நம்பித்தானே அந்தக் கடை திறந்திருக்கிறது? 20 கோடிக்கு மேல் பிரதிகள் விற்ற விளையாட்டுக்கு இதில் லாபம் கொழிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

40 டாலர் டிஸ்க் புத்தகம் மாதிரி. விலை அட்டையில் இருக்கும். கடைசிப் பக்கமும் உண்டு. ஷார்க் கார்டோ டாக்சி மீட்டர். மாதச் சம்பளக்காரருக்கும், மகனுக்காகப் பணம் கட்டும் தகப்பனாருக்கும் எது சௌகரியம்?

ஆறாம் பாகம் 2026 நவம்பர் 19-ல் வரும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். மியாமியைப் பார்த்து எழுந்த ஊர். இதுவரை கட்டியவற்றிலெல்லாம் பெரியது என்கிறார்கள். அந்த ஊரிலும் வேறு ஆட்கள் வசிப்பார்கள். அவர்களில் இருவரின் கதையை, முழுதாக, முடிவோடு, நியாய விலைக்கு ஒரு தனி டிஸ்க்கில் தரும்படி இப்போதே கேட்டுவைக்கலாம்.