தாடைக்குள் ஒரு பை

பொன்னுக்கு வீங்கி கண்ட குழந்தையின் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டால் வீக்கம் வற்றிவிடும் என்பது எங்கள் சாத்தான்குளத்து நம்பிக்கை. வற்றுவது என்னவோ வாஸ்தவந்தான். பத்து நாளில் அது தானாகவே வற்றும். பெயரைச் சங்கிலி தட்டிக்கொண்டு போய்விடும்!

ஆனால் என் வகுப்பு மாணவன் ஒருவனுக்குச் சங்கிலி போட்டு மூன்று மாதமாகியும் கன்னம் வற்றவில்லை. “வாத்தியாரய்யா, வலியே இல்லையே, பிறகென்ன?” என்றாள் அவன் பாட்டி. வலி இல்லாததுதான் எனக்குக் கவலையாயிருந்தது.

காரணம், 2019-இல் சென்னையில் நடந்த சமாசாரம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வலது கீழ்த்தாடையில் வீக்கம். மூன்று வயதிலேயே பெற்றோர் அதைக் கண்டார்கள். பையன் பரிசோதனைக்கு இடங்கொடுக்கவில்லை. பின்னர் சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்து, தாடையைத் திறந்தபோது, ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள ஒரு பை வெளிவந்தது. அதற்குள் சிறிதும் பெரிதுமாக 526 பற்கள்!

அது பல்லாகவே பெருகிய கட்டி. நீர்க்கட்டி வேறு, அதிலும் பல வகை உண்டு. செத்த பல்லின் வேர்நுனியில் உண்டாவது சாதாரணமானது. முளைக்காத பல்லின் தலையைச் சூழ்ந்து வருவது இன்னொன்று. அபூர்வமான வேறொன்றில் தயிர்க்கட்டி போன்ற வெண்பொருள் நிரம்பியிருக்கும். கன்னத்தை அதிகம் தள்ளாமல், எலும்பின் நீளவாக்கில் ஓசைப்படாமல் வளரும். எடுத்த பின்பும் திரும்பி வரக்கூடியது. இதன் ஜாதி எது என்பதில் நிபுணர்களுக்கே குழப்பம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதைக் கழலை என்றது. 2017-இல் மறுபடியும் நீர்க்கட்டி என்றது!

எக்ஸ்ரே படத்திலோ இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே கறுப்பு வட்டம். குளிர்ச்சியை வைத்துப் பார்ப்பது ஒரு சோதனை. பல்லுக்குக் கூச்சம் தெரிந்தால் அது செத்த பல்லன்று, முதல் வகையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மற்றவற்றைப் பிரித்தறியப் பையின் சுவரில் துளி கிள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். படத்தைக் கண்டவுடன் பெயர் சொல்லிவிடும் வைத்தியரைக் காட்டிலும், “சற்றுப் பொறுங்கள், சோதித்துச் சொல்கிறேன்” என்பவரையே நான் நம்புவேன்.

என் மாணவனைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனார்கள். குளிர்ச்சி பட்டதும் துள்ளினான். சுவரைச் சோதித்ததில் இரண்டாவது வகை என்று தெரிந்தது. பையைத் திறந்துவிட்டு, உள்ளே சிறைப்பட்டிருந்த பல் மேலே வர வழி செய்தார்கள். இப்போது அது எட்டிப் பார்க்கிறது. சங்கிலியை மட்டும் பாட்டி இன்னும் கழற்றவிடவில்லை.