செத்தவர் பெயர் ரேஷன் கார்டில்

1068 என்று ஒரு நம்பர். கூடவே ஒரு வரி: 'இந்த சர்வீஸ் நம்பியிருக்கிற இன்னொரு சர்வீஸ் கிளம்பவில்லை.' எது, ஏன் என்று சொல்லாது. சர்க்கார் ஆபீஸ் மாதிரி 'அந்த சீட்ல கேளுங்க' என்பதோடு சரி.

விண்டோஸுக்குள் சர்வீஸ் என்று ஏகப்பட்ட வேலையாட்கள். ஒருத்தர் எழுந்தால்தான் அடுத்தவர் எழுவார். விண்டோஸ் 10-ல் 'நெட்வொர்க் லொகேஷன் அவேர்னஸ்' என்கிற ஆசாமி, 'டிஹெச்சிபி கிளையன்ட்' எழக் காத்திருப்பார். மோடமிடம் ஐபி முகவரி கேட்டு வாங்குவது இந்த டிஹெச்சிபிதான்.

எங்கள் தெரு சொல்தா தாத்தா வீட்டில் இது படுத்துக்கொண்டது. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் பிரான்ஸுக்குச் சான்று அனுப்பணும். (பாண்டிச்சேரிக்குக் காகிதம் எப்போதும் நிதானமாகத்தான் வரும். ஆட்சி கைமாறியது 1954-ல், சட்டப்படி சரியானது 1962-ல்!) கெடுவுக்கு இரண்டே நாள். மோடத்தில் விளக்கு ஜம்மென்று எரிகிறது, நெட் இல்லை. பேரன் போனில் அனுப்பலாமே என்றால், "போன்ல அனுப்பினா அவன் ஒத்துக்க மாட்டான்" என்று ஒரே பிடிவாதம். ரிப்பேர்க்கார இளைஞரோ எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போடத் தயார்.

சர்வீஸஸ் பட்டியலைத் திறந்தேன். லொகேஷன்காரரை ஸ்டார்ட் பண்ணினால் 1068. அவருடைய 'டிபென்டன்ஸீஸ்' பக்கத்தில் இருந்த டிஹெச்சிபியை ஸ்டார்ட் பண்ணினால் நம்பர் மாறிற்று: 1075. இங்கேதான் விஷயம். 1068 என்றால் ஆள் இருக்கிறார், எழவில்லை. 1075 என்றால் அந்த ஆளே இல்லை!

கமாண்ட் ஜன்னலில் 'எஸ்சி கியூசி டிஹெச்சிபி' என்று தட்டினேன். விண்டோஸ் ஆட்களோடு ஒரு அந்நியர். முந்தின நாள் பேரன் எடுத்துப் போட்ட பழைய ஆன்டிவைரஸின் டிரைவர். ப்ரோக்ராம் போய்விட்டது, பெயர் போகவில்லை.

தாத்தா சிரித்தார். "நான் உயிரோட இருக்கேன்னு நான் எழுதித் தரணும். செத்தவன் வந்தாதான் ஆச்சுன்னு இது உக்காந்திருக்கு. நல்ல கம்ப்யூட்டர்ப்பா!"

டிபென்டன்ஸீஸ் பக்கம் பார்க்க மட்டும்தான், திருத்த முடியாது. ரெஜிஸ்ட்ரியில் டிஹெச்சிபியின் 'டிபென்ட் ஆன் சர்வீஸ்' வரிக்குப் போய், அந்தப் பகுதியை நகல் எடுத்து வைத்துவிட்டு, செத்தவர் பெயரை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் பண்ணணும். யார் அசல், யார் அந்நியர் என்று சந்தேகமா? அதே விண்டோஸ் ஓடுகிற வேறொரு கம்ப்யூட்டரில் அதே கட்டளையைத் தட்டி ஒப்பிடுங்கள். உத்தேசமாகக் கை வைத்தால் 1068 குடும்பத்தோடு வரும். ஆன்டிவைரஸை எடுப்பவர்கள், பல கம்பெனிகள் இலவசமாகவே தருகிற சுத்திகரிப்பு ப்ரோக்ராமையும் ஒரு தரம் ஓட்டிவிடுங்கள்.