பழி ஓரிடம் பாவம் ஓரிடம்

2017ஆம் ஆண்டின் கோடையில் மூன்று அரபு நாடுகள் ஒரே வகைக் கேவலத்தைத் தங்கள் சட்டப் புத்தகங்களிலிருந்து கிழித்தெறிந்தன. வன்புணர்ந்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்ற பிரிவு அது. ஜூலையில் துனிசியா, ஆகஸ்டில் ஜோர்டான், அதே மாதம் லெபனான். மொராக்கோ இதை 2014லேயே செய்துவிட்டிருந்தது. அங்கே லராஷ் நகரில், தன்னைச் சீரழித்தவனுக்கே மனைவியாக்கப்பட்ட 16 வயதுச் சிறுமி ஒருத்தி 2012இல் எலி மருந்து தின்று இறந்த பிறகுதான் நாடாளுமன்றம் கண்விழித்தது.

இச்செய்திகள் உலக நாளிதழ்களில் வந்தபோது, சொல்லியும் சொல்லாமலும் ஒரு கதை கூடவே வந்தது. ஏழாம் நூற்றாண்டில் உறைந்துபோன சமூகம் மெல்ல மெல்ல நம் காலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இஸ்லாமிய மரபு ஒரு கரை, நவீனம் மறுகரை, நடுவே ஒரு படகு. துடுப்புப் போடுபவர் பெரும்பாலும் ஒரு மன்னரோ அதிபரோ. ராய்ட்டர்ஸும் ஏஎஃப்பியும் அனுப்புவதைத் தமிழாக்கிப் போடும் நம் நாளேடுகளின் வெளிநாட்டுப் பக்கத்திலும் இதே படகுதான். ஊருக்கு ஒருவராவது வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழகத்திலும் அரபு மக்களைப் பற்றிய பொதுஅறிவு இந்தப் படகிலேதான் வந்து இறங்குகிறது என்பது விசித்திரம்தான்.

அந்தச் சட்டப் பிரிவு எங்கே பிறந்தது? ஷரீஅத் நூல்களில் தேடி அலைய வேண்டாம். 1810இல் நெப்போலியன் பிரான்சுக்கு அளித்த தண்டனைச் சட்டத்தில் 357ஆம் பிரிவைப் புரட்டினால் போதும். பெண்ணைக் கடத்தியவன் அவளை மணந்துகொண்டால், அந்தத் திருமணம் ரத்தாகும்வரை அவனைத் தண்டிக்க முடியாது என்கிறது அது. நாட்டை நவீனமாக்கப் புறப்பட்ட உஸ்மானிய அரசு 1858இல் தன் தண்டனைச் சட்டத்தை எழுதியபோது முன்மாதிரியாக வைத்துக்கொண்டது இந்தப் பிரெஞ்சுச் சட்டத்தைத்தான். லெபனானின் 1943ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் எழுந்தது. ஜோர்டானின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியிலேயே போனது. மொராக்கோவின் 475ஆம் பிரிவும் அதே தாயின் பிள்ளைதான். பிரான்சு தன் சொந்தப் பிரிவை 1994இல்தான் கைவிட்டது. இத்தாலி இதேபோன்ற ஒன்றை 1981வரை வைத்திருந்தது. இத்தாலி அதைக் கைவிட்டதைக் கிறிஸ்தவ மரபிலிருந்து நவீனத்துக்கு எடுத்துவைத்த அடி என்று யாரும் எழுதுவதில்லை. அங்கே அது ஒரு மோசமான சட்டம், அவ்வளவுதான். அரபு நாட்டில் மட்டும் அது ஒரு நாகரிகத்தின் அடையாள அட்டையாகிவிடுகிறது.

‘கௌரவக் கொலை’யின் கதை இதைவிட மோசம். மனைவியைக் கள்ள உறவில் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்ற கணவனுக்குச் சலுகை தரும் ஜோர்டானின் 340ஆம் பிரிவு பற்றிப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் பாலைவனக் குலவழக்கம், இஸ்லாமியப் பழமை என்ற இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவே அந்தப் பிரிவின் உண்மையான தகப்பன் காணாமல் போனான். அதே 1810ஆம் ஆண்டுச் சட்டத்தின் 324ஆம் பிரிவு, தன் வீட்டில் மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்ற கணவனை மன்னிக்கத் தக்கவன் என்றது. பிரான்சு அதை நீக்கியது 1975இல்.

இஸ்லாமிய மரபோ இந்த நிலைமையை நேருக்கு நேராகவே எதிர்கொண்டிருக்கிறது. உவைமிர் என்பவர் நபிகளிடம் கேட்ட கேள்வியை ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்துள்ளன: தன் மனைவியோடு இன்னொருவனைக் கண்டவன் அவனைக் கொல்வதா, கொன்றால் நீங்கள் இவனைக் கொல்வீர்களே, என்னதான் செய்வது? விடையாக வந்தது குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கூறும் லிஆன் முறை. நான்கு சாட்சி இல்லாத கணவன் நான்கு முறை சத்தியம் செய்து, தான் பொய்யனானால் இறைச்சாபம் தன்மேல் இறங்கட்டும் என்று ஐந்தாவது முறை சொல்ல வேண்டும். மனைவி அதேபோல் மறுத்துச் சத்தியம் செய்தால் அவளுக்குத் தண்டனை கிடையாது. திருமணம் முறியும், கத்திக்கு வேலையில்லை. நுணுக்கங்களில் சட்ட அறிஞர்கள் வேறுபட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் மனைவியைக் கொல்லும் உரிமம் என்ற ஒன்றை இந்த முறையிலிருந்து எடுக்க முடியாது.

மரபுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் அவசரப்பட வேண்டாம். 1999, 2000 ஆண்டுகளில் 340ஆம் பிரிவை நீக்க ஜோர்டானில் முயற்சி நடந்தபோது, அது ஷரீஅத்துக்கு விரோதம் என்று எதிர்த்தவர்களில் முன்னால் நின்றது இஸ்லாமியச் செயல் முன்னணி என்ற கட்சி. நெப்போலியன் எழுதிய பிரிவைக் காப்பாற்ற நபிகளின் பெயரை உயர்த்திப் பிடித்தார்கள்! இதைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன்: பத்திரிகை ஆசிரியரும் இஸ்லாமியவாத அரசியல்வாதியும் பரம எதிரிகளாகத் தெரிந்தாலும் அவர்களுடைய நம்பிக்கை ஒன்றே. ‘இங்கே இருக்கும் கொடுமையெல்லாம் மதத்தின் மரபு’ என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவர் அதை ஒழிக்கச் சொல்கிறார், மற்றவர் காக்கச் சொல்கிறார். நமக்கும் இது புதிதல்ல. மெக்காலே வழிவந்த 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 2018வரை ‘நம் பண்பாடு’ என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் எத்தனை பேர்!

இந்த நம்பிக்கையால் அதிகம் லாபம் அடைபவர்கள் யார் என்று பார்த்தால், ஆட்சியாளர்கள். சவுதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்ததை உலகமே இஸ்லாமியப் பழமையின் சின்னமாக வாசித்தது. கார் என்ற பொருளே இருபதாம் நூற்றாண்டில்தான் அந்த மண்ணுக்கு வந்தது. பெரும்பாலான முஸ்லிம் நாடுகளில் அப்படியொரு தடை இருந்ததில்லை. சவுதியின் தஹ்ரானில், அன்று அமெரிக்க எண்ணெய் நிறுவனமாக இருந்த அராம்கோ கட்டிய குடியிருப்பின் மதிலுக்குள் பெண்கள் கார் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1990 நவம்பர் 6 அன்று 47 பெண்கள் ரியாத் தெருக்களில் அணிவகுத்து ஓட்டினார்கள். குவைத்தை சதாம் பிடித்ததையடுத்து அமெரிக்கப் படைகள் வந்து இறங்கியிருந்த நேரம். அந்தப் பெண்களின் பாஸ்போர்ட் பறிபோனது, வேலை போனது. அதுவரை வழக்கமாக இருந்ததை உள்துறை அமைச்சகம் முறையான தடையாக்கியதும், அதற்குத் துணையாக மார்க்க அறிஞர் பின் பாஸின் ஃபத்வா வந்ததும் அதன் பிறகுதான். அரசுச் சம்பளம் வாங்கும் உலமாக்களும் ஓர் அமைச்சகமும் சேர்ந்து, தொலைக்காட்சி யுகத்தில், ஒரு போராட்டத்தை அடக்கச் செய்த ஏற்பாடு இது. இதில் ஏழாம் நூற்றாண்டு எங்கே வந்தது?

2018 ஜூன் 24 அன்று தடை நீங்கியது. அதற்கு முந்தைய நவம்பரிலேயே நியூயார்க் டைம்ஸில் தாமஸ் ஃப்ரீட்மன், சவுதி அரேபியாவுக்கு ஒருவழியாக அரபு வசந்தம் வந்துவிட்டது என்று தலைப்பிட்டுப் பட்டத்து இளவரசரைப் போற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். 1979இல் ஜுஹைமான் என்பவரின் ஆயுதக் கூட்டம் மக்கா பள்ளிவாசலைப் பிடித்ததற்குப் பிறகுதான் நாடு இறுகிப்போனது, அதற்கு முன் நாங்களும் சாதாரணமாக வாழ்ந்தோம் என்று இளவரசர் சொன்ன கதையைப் பத்திரிகைகள் குறுக்குக் கேள்வியின்றி அச்சிட்டன. 1960இல் பெண்களுக்குப் பள்ளி திறக்க முனைந்தபோதே புரைதா நகரத்தார் எதிர்த்தார்கள், பின்னர் அங்கே பள்ளிக்குக் காவலாகப் படையே அனுப்ப வேண்டியிருந்தது என்பதெல்லாம் அந்தக் கதையில் இல்லை. அரச குடும்பத்துக்கு எது வசதியோ அதுவே வரலாறு.

இதன் விலை என்ன? தடை நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2018 மே மாதம், அந்த உரிமையைக் கேட்டுப் போராடிய பெண்களையே கைது செய்தார்கள். 1990இல் கார் ஓட்டிய சிலரும் அதில் இருந்தார்கள். அரசுச் சார்பு ஏடுகள் அவர்களைத் துரோகிகள் என்று எழுதின. தடை நீங்கிய அந்த ஜூனில் வோக் பத்திரிகையின் அரபுப் பதிப்பு, ஓர் இளவரசியைத் திறந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து அட்டைப்படம் போட்டது. நவீனம் என்பது மேலிருந்து இறங்கும் கொடை என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், கீழிருந்து கேட்டவள் கண்ணில் படமாட்டாள். நான்கே மாதத்தில், அக்டோபர் 2 அன்று, இஸ்தான்புல் சவுதி துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர் ஜமால் கஷோகி திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் பத்திரிகைகள் இளவரசருக்குத் தந்த ‘சீர்திருத்தவாதி’ என்ற பட்டத்தைக் கொஞ்சம் உள்ளே மடித்து வைத்தார்கள்.

இந்தப் பார்வைக்கு ஒரு மூதாதை உண்டு. 1883 முதல் 1907வரை பிரிட்டன் சார்பில் எகிப்தை ஆட்டிவைத்த குரோமர் பிரபு, எகிப்தியப் பெண்ணின் முக்காடுதான் அந்த நாட்டின் முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதினார். அதே மனிதர் அரசுப் பள்ளிகளில் கட்டணத்தை உயர்த்தினார். இங்கிலாந்துக்குத் திரும்பியதும் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற ஆண்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஆய்வாளர் லைலா அஹ்மத் இந்த முரணை 1992இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். கெய்ரோவில் முக்காட்டைக் கழற்று, லண்டனில் வாயை மூடு!

துனிசியாவுக்கு வருவோம். பலதார மணத்தைத் தடைசெய்த 1956ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தைப் பத்திரிகைகள் மதச்சார்பற்ற தலைவர் ஹபீப் புர்கிபாவின் துணிச்சலாக மட்டுமே சொல்லும். அந்தச் சட்டத்தின் வாதங்களுக்கு 1930லேயே வடிவம் கொடுத்தவர் தாஹிர் அல்ஹத்தாத். ஸைத்தூனா பள்ளிவாசல் கல்லூரியில் மார்க்கம் படித்தவர், தொழிற்சங்கக்காரர். பெண்களுக்கு நீதி ஷரீஅத்தின் நோக்கத்திலேயே இருக்கிறது என்று அவர் எழுதியதற்காக ஸைத்தூனா அவருடைய பட்டத்தைப் பறித்தது. ஒதுக்கப்பட்ட நிலையில் 1935இல் இறந்தார். மரபுக்குள்ளிருந்தே மரபோடு சண்டைபோட்ட இந்த மனிதர் படகுக் கதையில் எந்தக் கரையில் நிற்பார்? எங்கும் நிற்க முடியாததால் அவர் செய்தியில் வருவதே இல்லை. புர்கிபாவோ 1975இல் தன்னை ஆயுட்கால அதிபராக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பின் அலி, சிறைகளை நிரப்பியபடியே ஐரோப்பாவின் செல்லப்பிள்ளையாக இருந்தார். 2011 ஜனவரியில் மக்கள் தெருவுக்கு வந்தபோது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தன் நாட்டுக் காவல்துறையின் திறமையை உதவியாகத் தர முன்வந்தார். நவீனத்தைக் காப்பாற்ற வேண்டுமல்லவா!

அந்த எழுச்சிக்குப் பிறகு துனிசியாவில் வந்த அரசியல் நிர்ணய சபையின் பெண் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியவாத அன்னஹ்தாக் கட்சியினர், முக்காடு அணிந்தவர்கள். இதை எப்படி எழுதுவதென்று செய்தியாளர்கள் திணறினார்கள். பெண் ஆணுக்குத் ‘துணைநிற்பவள்’ என்ற வாசகம் 2012 வரைவில் வந்ததும் இதே சபையில்தான். தெருவில் எழுந்த எதிர்ப்பால் அது நீங்கியதும் இங்கேதான். 2011இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஏமன் நாட்டு தவக்குல் கர்மானும் அப்போது இஸ்லாமியவாத இஸ்லாஹ் கட்சிக்காரராகவே இருந்தார்.

படகுக் கதைக்குள் அடங்காத இன்னொன்று: எகிப்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், மணக்கொடையான மஹரைத் திருப்பித் தந்து கணவனின் சம்மதமின்றியே மனைவி குலா எனும் மணவிலக்குப் பெற வழிசெய்தது. அதற்குக் காட்டிய ஆதாரம் தாபித் இப்னு கைஸின் மனைவி நபிகளிடம் விடுதலை கேட்டுப் பெற்ற ஹதீஸ். அல்அஸ்ஹரின் தலைவர் தந்தாவி ஆதரித்தார். அங்கேயே வேறு சில உலமாக்கள் எதிர்த்தார்கள். கெய்ரோ பத்திரிகைகள் மீசை வைத்த மனைவிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்தன.

மேலே சொன்ன 2018 சவுதி கைதுகளுக்கு வருகிறேன். கைதான பெண்களில் ஒருவரான லுஜைன் அல்ஹத்லூல் மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையில் இருந்தார். அவர் குடும்பம் சித்திரவதை நடந்ததாகச் சொன்னது, அரசு மறுத்தது. 2020 டிசம்பரில் அவருக்கு 5 ஆண்டு 8 மாதத் தண்டனை வந்தது. அதில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட, 2021 பிப்ரவரியில் பயணத் தடையோடு வெளியே வந்தார். அவரைத் தண்டித்த நீதிமன்றம் பழைய காழி மன்றம் அல்ல. பயங்கரவாத வழக்குகளுக்காக 2008இல் உருவாக்கிய சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம். பயன்படுத்தியது பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்.