அப்பாவோட ரிப்போர்ட்டை யார் படிக்கிறது?

போன செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ அம்மா முகமே சரியில்லை. அப்பாவுக்கு எக்கோ எடுத்திருந்தாங்க. ரிப்போர்ட்டில் 'எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 60%' என்று இருந்தது. "இதயம் அறுபது சதவீதம்தான் வேலை செய்யுதாம்டா, மீதி நாற்பது போயிடுச்சு" என்று அம்மா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அதே ஃபைலில் இன்னொரு தாள். அதில் எச்பிஏ1சி 7.9. "சுகர் எட்டுகூட இல்லை, இதுல என்ன இருக்கு" என்று அப்பா அதை மடித்து வைத்துவிட்டார்.

நல்ல செய்திக்கு அழுதிருக்கிறார்கள். எச்சரிக்கையை மடித்து வைத்திருக்கிறார்கள். இதுதான் என் ஆதங்கம்.

எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பது நூற்றுக்கு வாங்கும் மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. நல்ல இதயமும் மொத்தத்தையும் காலி செய்யாது. 55 முதல் 70 வரை இருந்தாலே இயல்பு. அப்பாவுடைய 60 ரொம்ப நல்ல எண்.

இப்போ அந்த 7.9. சர்க்கரை, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிறது. வெறும் வயிற்றில் எடுக்கும் ஃபாஸ்டிங் டெஸ்ட் ஒருநாள் இன்டர்னல் மாதிரி. முந்தின ராத்திரி படித்தே ஒப்பேற்றிவிடலாம். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஸ்வீட்டை நிறுத்துற அப்பாக்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எச்பிஏ1சி சிஜிபிஏ மாதிரி. அங்கே அந்த வேலை நடக்காது. 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-க்கு மேலே சர்க்கரை நோய். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெரும்பாலானவர்களுக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கு 7-க்குக் கீழே. 7.9 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 180.

இன்னொரு குழப்பம்: ஹார்ட் அட்டாக்கும் கார்டியாக் அரெஸ்டும் ஒன்று என்றே பேசுகிறோம். முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். உடனே 108-ஐ அழைக்கணும். இரண்டாவதில் இதயத்தின் மின்னோட்டமே குழம்பி, துடிப்பு நின்றுபோகும். ஆள் சரிந்துவிடுவார், 108-ஐ அழைத்துவிட்டு அந்த நிமிடமே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கணும். ஒன்று மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட், இன்னொன்று டிரிபிள் ஈ. முதலாவது இரண்டாவதில் போய் முடியவும் வாய்ப்பு உண்டு. பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டு, அட்டாக் வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். வெறும் வியர்வை, மூச்சுத்திணறல், அசதி. நம்ம வீடுகளில் அதுக்குப் பெயர் 'கேஸ்'. கையில் ஒரு சோடாவைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல விஷயம். ஆனால் நம்ம கையில் கிடைக்கிற லேப் ரிப்போர்ட் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் தமிழில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? மென்பொருளில் ஒரு டெம்ப்ளேட் மாற்றம். அதைச் செய்யப் போகிறவர்களும் நாளைக்கு நாமதானே?

"அரைகுறையாகத் தெரிந்தால் ஆபத்து, அவங்களே மாத்திரையை நிறுத்திடுவாங்க" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம்தான். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி-யே தப்பாகக் காட்டக்கூடும். தடித்த எழுத்தில் வராத எல்டிஎல் கொலஸ்ட்ராலும் சர்க்கரை உள்ளவருக்கு அதிகமாக இருக்கலாம். அவருக்கான இலக்கு வேறு. அதனால் முடிவெடுக்க வேண்டியது டாக்டர்தான். ஆனால் வார்த்தை புரிந்தால்தானே டாக்டரிடம் கேள்வியாவது கேட்க முடியும்? இப்போ அரைகுறை அறிவுகூட இல்லாமல்தானே அம்மா அழுதாங்க, அப்பா மடித்து வைத்தார்?

ஐம்பது பக்க டேட்டாஷீட்டைப் படித்து ஒரு சிப்பைப் புரிந்துகொள்கிற நாம, ஒரு பக்க ரிப்போர்ட்டைப் படிக்க மாட்டோமா? அப்பா அந்தத் தாளோடு மறுபடி டாக்டரைப் பார்த்தார், மருந்து மாறியது. அம்மா நிம்மதியாகத் தூங்கினாங்க. இரண்டுக்கும் எனக்கு ஆனது அரை மணி நேரம்.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க, பீரோவுக்குள்ளே இருக்கிற அந்த ஃபைலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்க.