எடைக்குப் போகும் ஏடுகள்

நூல் சேர்ப்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம் தோட்டப்புறங்களில் நெடுநாளாக வேரூன்றிக் கிடக்கிறது. கண்ணாடி அலமாரி இல்லாத வீட்டிற்கு நூலகம் எதற்கு என்று கேட்பாரும் உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. புக்கிட் ரோத்தான் முதல் பத்தாங் பெர்ஜுந்தை வரை, எத்தனையோ தமிழ் நூல்கள் விலை போகாமலே வீட்டை விட்டு வெளியேறுகின்றன. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் லாரியை அறியாத பிள்ளை உண்டோ? பாட்டனார் கட்டி வைத்த ஏடுகளும் நேற்றைய நாளிதழும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்பட்டு, கிலோவுக்குச் சில காசுகளாகின்றன.

சிறு வருவாயில் பெருஞ் செல்வம் சேர்த்த ஒருவரை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். தமிழ்நாட்டில் காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் கலைஞர். 1950-களில் தொடங்கி, 1992-இல் மறையும் வரை அவர் பழைய நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூல்களோடு நின்றாரா? பிறர் குப்பையென்று ஒதுக்கிய நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றையும் காத்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பை 1994-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. அழைப்பிதழைக்கூட ஏன் காக்க வேண்டும் என்று அவரை அந்நாளில் எத்தனை பேர் நகைத்திருப்பரோ!

நம் வட்டாரத்திற்கு வருவோம். நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது நமக்கு அண்மையிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அதனை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபொக்கோனியே, இம்மண்ணின் வாழ்வை 'மலேசி' என்னும் புதினமாக எழுதி, 1930-இல் பிரான்சு நாட்டின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றார். அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. துரை எழுதிய நூலுக்கு வெளிநாட்டு நூலகங்களில் இடம் கிடைத்தது. அதே தோட்டங்களில் பாடுபட்ட நம் முன்னோர் படித்தவையும் அச்சிட்டவையும் எங்கே? லயத்து வீடுகளைக் காலி செய்த நாளில், எடுத்துச் செல்ல இடமின்றி எரிக்கப்பட்டவை பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஊர்ப் பெயரும் நிலைக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயாவாயிற்று. அங்கே ஒரு காலத்தில் யார் எதனைப் பேசினர், எதற்காகக் கூடினர் என்று நாளை ஒரு மாணவன் கேட்டால், கோயில் திருவிழா மலரும் சங்கத்தின் ஆண்டறிக்கையும் பள்ளியின் பழைய ஆண்டு மலருமே விடை கூற வல்லவை.

ஆகவே, விலையுயர்ந்த அரிய பதிப்புகளை நாடி அலைய வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து. அவற்றைப் பல்கலைக்கழகங்கள் பார்த்துக்கொள்ளும். நம் தோட்டத்து மலரை வேறு எவரும் தேடப் போவதில்லை. 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழொன்று கையிலிருந்தால் இனி அதற்கு ஈடில்லை. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துப் 'பைண்டு' செய்து வைத்த வீடுகளும் பல இருந்தன. தனி நூலில் காணக்கிடைக்காத ஓவியங்களும், பக்கத்தின் மறுபுறத்தில் அக்கால விளம்பரங்களும் அவற்றில் உண்டு. கதையைவிட அவ்விளம்பரங்களே சில வேளைகளில் சுவையானவை!

நூலின் வயதை அறிய மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வோம். ஆண்டு அச்சிடாத இந்தியப் பதிப்பில் விலை அணாவில் இருந்தால், அது பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அவ்வாண்டில்தான் இந்தியா அணாவை விட்டுப் புதிய காசு முறைக்கு மாறிற்று. 'லை', 'னை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருப்பின், 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யுமுன் அச்சானதாக இருக்கலாம். ஆயினும் பழைய எழுத்தைச் சில அச்சகங்கள் பின்னரும் விடவில்லை. இதை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

மாதம் இரண்டு மூன்று வெள்ளி ஒதுக்கினால் போதும். படிக்க விரும்பாத நூலை, மலிவு என்பதற்காக வாங்குதல் வீண். வாங்கியதைத் தரையில் வைத்தால் கறையான் விடாது. செங்கல்லின் மேல் தகரப் பெட்டி வைத்து, ஈரம் படாமல் காக்கலாம். கிழிந்த தாளில் ஒட்டுநாடாவை ஒட்டவே கூடாது. அதன் பசை நாளடைவில் பழுத்துத் தாளைக் கறையாக்கிவிடும். பெயரெழுத விரும்பினால் பென்சிலால் எழுதுக.

1950-களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற வேண்டுமென்று எளிய மக்களும் தம்மால் இயன்றதை ஈந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பழைய நூல்களுக்கென ஓர் அலமாரி அமைப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு அரிய செயலன்று. பெற்றோர் பெருமக்கள் தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யுங்கால், கட்டிய தாள் மூட்டையை லாரிக்காரரிடம் கொடுக்குமுன் ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பார்களாக. தமிழெழுத்துள்ள எதுவாயினும், அட்டை இல்லாததாயினும், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புக. வேண்டுவது எது, வேண்டாதது எது என்பதை ஆசிரியர்கள் பிரித்துக்கொள்வர்.